மூத்த தாரம், இளைய தாரம், திருச்சபை: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஆபிரகாம், யாக்கோபு, தாவீது என்று பலருக்கும் பல மனைவியர். அப்படியானால் பைபிள் பலதார மணத்தை ஆதரிக்கிறதா?

பதில்: தடுக்கவில்லை, மெச்சவும் இல்லை. ஆதியாகமத்தில் முதன்முதலாக இரண்டு பெண்களைக் கட்டியவன் லாமேக்கு. தான் செய்த கொலையை அந்த மனைவியரிடமே பெருமையடித்தவன். யாக்கோபின் வீட்டையும் பாருங்கள்; அக்காள் லேயாள், தங்கை ராகேல் இருவருமே அவன் மனைவியர். லேயாளின் மகன் வயலிலிருந்து கொண்டுவந்த, பிள்ளைப்பேறு தரும் என்று நம்பப்பட்ட தூதாயீம் கனிகளுக்கு ஆசைப்பட்ட ராகேல், அதற்கு விலையாகக் கணவனை ஓர் இரவு அக்காளுக்கு விட்டுக்கொடுக்கிறாள். சாயங்காலம் வேலை முடிந்து வரும் மனிதனிடம், கனி கொடுத்து உம்மை வாங்கிவிட்டேன் என்கிறாள் லேயாள். அன்னாளின் கதையில், அவளைச் சீண்டும் மற்ற மனைவிக்குத் தமிழ் வேதாகமம் 'சக்களத்தி' என்ற சொல்லையே போட்டிருக்கிறது. அதற்கு மேல் விளக்கவுரை வேண்டுமா?

அந்தக் காலத்தில் சந்ததி பெருக அது தேவைப்பட்டது, இப்போது தேவையில்லை என்று 5ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இறையியல் அறிஞர் அகுஸ்தீன் சமாதானம் சொன்னார். எனக்கு அது முழுசாக ஒட்டவில்லை.

கேள்வி: 'ஒரே மனைவியையுடைய புருஷன்' என்ற வசனம் ஆயர்களுக்கு மட்டும்தானா?

பதில்: 1 தீமோத்தேயு 3:2 பேசுவது கண்காணியை, அதாவது ஆயரைப் பற்றித்தான். ரோமச் சட்டப்படி ஒருவனுக்கு ஒரு மனைவிதான் என்பதால், ஆதித் திருச்சபையில் மறுமணம்தான் பெரிய சண்டை. மனைவி இறந்தபின் இன்னொருத்தியைக் கட்டுவதையே கூடாது என்றார் ஆதித் திருச்சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன்.

கேள்வி: மார்ட்டின் லூத்தர் ஒரு மன்னருக்கு இரண்டாம் கல்யாணம் செய்ய அனுமதி கொடுத்தாராமே, உண்மையா?

பதில்: உண்மைதான். ஜெர்மனியில் ஹெஸ்ஸே பகுதியை ஆண்ட பிலிப், லூத்தரின் புராட்டஸ்டண்ட் சீர்திருத்த அணியின் முக்கியத் தூண். 1523இல் கிறிஸ்டீனேயை மணந்தவர். அப்புறம் 17 வயது மார்கரெட்டேமேல் மனம் போனது. ஆசைநாயகியாக அனுப்ப முடியாது, முறைப்படி கல்யாணம் வேண்டும் என்று பெண்ணின் தாய் பிடிவாதமாக நின்றார். 1539 டிசம்பரில் லூத்தரும் அவர் சகாவான இறையியலாளர் மெலாங்க்தனும் கையெழுத்திட்டுக் கொடுத்த ஆலோசனையின் சாரம் இது: பொதுச் சட்டமாக்க முடியாது, உம் மனச்சாட்சிக்காகச் செய்துகொள்ளலாம், வெளியே தெரியக் கூடாது. கிறிஸ்டீனேயிடமும் எழுத்தில் சம்மதம் வாங்கினார்கள். அவர் எந்த மனதோடு எழுதிக்கொடுத்திருப்பார்!

1540 மார்ச் 4 அன்று மெலாங்க்தன் முன்னிலையில் கல்யாணம் நடந்தது. சில மாதங்களிலேயே சேதி கசிந்துவிட்டது. 1532ஆம் ஆண்டுப் பேரரசுச் சட்டத்தின்படி இருதார மணத்துக்கு மரண தண்டனை வரை உண்டு. மெலாங்க்தன் கவலையில் படுத்த படுக்கையானார். லூத்தரோ, பொய் சொல்லிச் சமாளியுங்கள் என்றார், பிலிப் ஒப்பவில்லை. கடைசியில் பிலிப் 1541இல், சீர்திருத்தத்தை எதிர்த்த கத்தோலிக்கப் பேரரசரோடு சமரசம் செய்துகொண்டார். சீர்திருத்த அணிக்கு அது பெரிய அடி.

கேள்வி: மார்மன்கள் இன்றும் பல மனைவியரோடு வாழ்கிறார்களா?

பதில்: 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் தோன்றிய பிரதான மார்மன் சபை 1890இல் அதைக் கைவிடுவதாக அறிவித்தது. இன்று அப்படி மணந்தால் சபையிலிருந்து நீக்கம்தான். பிரிந்துபோன சில சிறு குழுக்களில் வழக்கம் தொடர்கிறது.

கேள்வி: ஆப்பிரிக்காவில் பல மனைவியருள்ள ஒருவர் கிறிஸ்தவரானால் என்ன செய்தார்கள்?

பதில்: ஒருத்தியை வைத்துக்கொள், மற்றவர்களை அனுப்பிவிடு என்பதே பெரும்பாலான மிஷனெரிகளின் விதி. மாடுகள் கொடுத்து முறைப்படி கட்டிய பெண் ஒருநாள் திடீரென்று மனைவி இல்லை என்றாகிவிடுவாள். பிள்ளைகள் யாரிடம், சோறு யார் போடுவது? தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதி ஆங்கிலிக்கன் பேராயர் கொலென்சோ 1850களிலேயே இதைக் கேட்டார். சபை செவிசாய்க்கவில்லை. உலக ஆங்கிலிக்கன் பேராயர்கள் கூடும் லாம்பெத் மாநாடு 1888இல், அப்படிப்பட்ட ஆணுக்கு ஞானஸ்நானம் கிடையாது, காத்திருந்து போதனை கேட்கட்டும் என்றது. அவன் மனைவியருக்கு மட்டும் சில சந்தர்ப்பங்களில் கொடுக்கலாமாம்.

சரியாக 100 ஆண்டு கழித்து, 1988இல், அதே லாம்பெத் மாநாடு மாற்றிச் சொன்னது: விசுவாசிக்கும் மனைவியரோடும் பிள்ளைகளோடும் அவனுக்கு ஞானஸ்நானம் தரலாம், உள்ளூர் சபை சம்மதிக்க வேண்டும், இருக்கும் மனைவியரில் ஒருவராவது உயிரோடு உள்ளவரை அவன் இன்னொருத்தியைக் கட்டக் கூடாது, எந்த மனைவியையும் அனுப்பிவிடும்படி அவனைக் கட்டாயப்படுத்தவும் கூடாது.