எந்த சீட் என்று முழங்காலைக் கேளுங்கள்

சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “டிசம்பரில் டர்பனிலிருந்து கேப் டவுன் போகிறோம். அம்மாவுக்கு 74 வயது, வலது முழங்கால் சரியாக மடங்காது. கூடவே என் நான்கு வயது மகன். எமர்ஜென்சி எக்ஸிட் வரிசையில் கால் நீட்ட நிறைய இடம் உண்டாமே, கூடுதல் காசு கொடுத்து எடுத்துவிடட்டுமா?”

வேண்டாம். அந்த வரிசையில் உட்காருகிறவர்தான் ஆபத்து நேரத்தில் கதவைத் திறக்க வேண்டும். ஏர்பஸ் ஏ320-இல் சிறகுக்கு மேலே இருக்கும் அந்தக் கதவு சுமார் 15 கிலோ. பெயர்த்து எடுத்து வெளியே எறிய வேண்டும். அதனால் குழந்தைகளையும் நடக்கச் சிரமப்படுகிறவர்களையும் அங்கே உட்கார விடமாட்டார்கள். நீங்கள் பணம் கட்டியிருந்தாலும் எழுப்பி வேறு இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

முதல் வரிசையும் உங்களுக்குச் சரிவராது. சாப்பாட்டு மேசை கைப்பிடிக்குள் இருப்பதால் அந்தக் கைப்பிடி தூக்க வராது. அம்மாவால் பக்கவாட்டில் நகர்ந்து உட்கார முடியாமல் போகும்.

இந்தத் தடத்தில் பெரும்பாலும் ஏ320 அல்லது போயிங் 737 தான் வரும். நடுவே ஒரே நடைபாதை, இரு பக்கமும் மூன்று மூன்று சீட். இடப்பக்கம் ஏ, பி, சி. வலப்பக்கம் டி, ஈ, எஃப். அம்மாவை ‘சி’யில் உட்கார வையுங்கள். ‘சி’க்கு நடைபாதை வலது கைப் பக்கம் இருக்கிறது; வலியுள்ள வலது காலை அந்தப் பக்கமாக நீட்டிக்கொள்ளலாம். ‘டி’யும் நடைபாதை ஓரம்தான், ஆனால் அங்கே இடது காலைத்தான் நீட்ட முடியும். டீ, காபி டிராலி வரும்போது மட்டும் காலை உள்ளே இழுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். விமானம் மேலே கிளம்பும்போதும் தரையிறங்கும்போதும் காலால் வழியை அடைக்கக் கூடாது.

ஒரு சூட்சுமம் சொல்கிறேன். நடைபாதை ஓரக் கைப்பிடி அசையாது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது சீட் முதுகோடு சேரும் மூட்டின் அடியில் விரலால் தடவிப் பாருங்கள். பல விமானங்களில் அங்கே ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். அழுத்தினால் கைப்பிடி மேலே எழும்பும். முழங்கால் வலிக்காரர்களுக்கு இது பெரிய வரம். தென்படவில்லை என்றால் பணிப்பெண்ணைக் கேளுங்கள்.

வரிசை? ஐந்திலிருந்து எட்டுக்குள் பாருங்கள். எஞ்சினுக்கு முன்னால் என்பதால் சத்தம் குறைவு, நடக்கும் தூரமும் குறைவு. ஆட்டம் மிகக் குறைவாக இருப்பது சிறகுக்கு நேரே என்பது உண்மைதான், ஆனால் பையனுக்கு ஜன்னலில் சிறகைத் தவிர ஒன்றும் தெரியாது. கடைசி வரிசையைத் தொடவே வேண்டாம்: ஆட்டம் அதிகம், கழிப்பறை பக்கத்தில், சீட்டும் சரியாகச் சாயாது. 737-இல் சிறகுக்குச் சற்று முன்னால், பத்து பதினோராம் வரிசையை ஒட்டி, இடப்பக்கத்தில் ஒரு ஜன்னலே இருக்காது. ஏசி குழாய் அந்தச் சுவருக்குள் ஏறிப்போகிறது. ஒரு தடவை நான் காசு கொடுத்து ‘ஜன்னல் சீட்’ வாங்கி, கேப் டவுன் வரை இரண்டு மணி நேரம் பிளாஸ்டிக் சுவரைப் பார்த்துக்கொண்டு போனேன்.

மகன் ‘ஏ’யில், நீங்கள் நடுவில். போகும்போது கடல் இடப்பக்கம்தான். மதியத்துக்கு மேல் போகும் விமானமென்றால் வெயில் வலப்பக்க ஜன்னலில்தான் சுள்ளென்று அடிக்கும். உங்கள் பக்கம் நிழல். ஒரே நஷ்டம், டேபிள் மலை. டிசம்பரில் தென்கிழக்குக் காற்று வீசும் நாளில் விமானம் வடக்கிலிருந்து தெற்கு நோக்கி இறங்கும், அப்போது மலை வலப்பக்கம். காற்று வடமேற்காகத் திரும்பினால் எதிர்த்திசையில் இறங்கும், மலை உங்கள் பக்கம் வந்துவிடும். திரும்பி வரும்போது கடல் ‘எஃப்’ பக்கம் மாறிவிடும். அதற்காக அம்மாவை ‘டி’க்கு மாற்றாதீர்கள். பையன் கடலைத்தான் டர்பனில் தினமும் பார்க்கிறானே.

அப்புறம், டிக்கெட் எடுக்கும்போதே வீல்சேர் கேட்டுவிடுங்கள். படி வைத்து ஏற்றும் நாளில் வீல்சேரோடு மேலே தூக்கிவிடும் வண்டி வேண்டியிருக்கும்; அதைக் கடைசி நிமிடத்தில் கேட்டால் காத்திருக்க வேண்டி வரும். வீல்சேர்க்காரர்களை முதலில் ஏற்றி, கடைசியில்தான் இறக்குவார்கள். ஆகவே ‘சீக்கிரம் இறங்கலாம்’ என்று சொல்லி விற்கிற முன்வரிசைகளுக்குக் கூடுதலாக ஒரு ரேண்ட் கூடக் கொடுக்க வேண்டியதில்லை. கிளம்பும் முந்தின நாள் சீட் எண்களை இன்னொரு முறை பாருங்கள். விமானத்தை மாற்றினால் மூன்று பேரையும் மூன்று மூலையில் போட்டுவிடுவார்கள்.