ஸ்வீடன் ஐஸ் ஹாக்கி வீரர் பீட்டர் ஃபோர்ஸ்பெர்க், வட அமெரிக்காவின் தொழில்முறை ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.லில் 708 ஆட்டங்கள்தான் ஆடினார். பிறகு ஏன் இவ்வளவு புகழ்?

ஆட்டக் கணக்கை மட்டும் பார்த்தால் குறைவுதான். ஆனால் அந்த 708-ல் அவர் சேர்த்த புள்ளிகள் (கோலும், கோலுக்கான பாஸும் சேர்ந்து) 885. அதில் 636 அடுத்தவர் கோல் போட எடுத்துக் கொடுத்தவை. தானே அடிப்பதைவிட பாஸ் கொடுப்பதில்தான் மனிதருக்கு ருசி!

ஸ்வீடனில் அவர் பெயர் நிலைத்தது 1994 லில்லஹாமர் ஒலிம்பிக் இறுதியில். கனடாவுடன் 2-2 சமநிலை, பெனால்டி ஷாட்கள். ஃபோர்ஸ்பெர்க் பக்கை (ஆட்டத்தின் ரப்பர் வட்டு) ஒரு பக்கம் இழுத்துப் போக, கோல்கீப்பர் கோரி ஹிர்ஷும் கூடவே நகர்ந்தார். கடைசி நொடியில் மட்டையை ஒற்றைக் கையால் நீட்டி, பக்கை எதிர்ப்பக்கம் தள்ளிவிட்டார். அதுவே ஸ்வீடனுக்குத் தங்கம். மறுவருடம் அந்தக் காட்சி தபால்தலையாகவும் வந்தது. ஹிர்ஷ் சம்மதிக்காததால் அதில் கோல்கீப்பரின் சட்டை நிறத்தை மாற்றிவிட்டார்கள்.

கொலராடோ அவலாஞ்ச் அணியோடு 1996, 2001 இரண்டிலும் என்.எச்.எல். சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை. 2001-ல் பிளேஆஃப் (கோப்பைக்கான நாக்-அவுட் சுற்றுகள்) நடுவே மண்ணீரலையே அகற்ற வேண்டியதாயிற்று. இறுதிச்சுற்றை வெளியிலிருந்துதான் பார்த்தார். 2003-ல் 106 புள்ளிகளோடு லீக்கிலேயே முதலிடம், கூடவே மதிப்புமிக்க வீரருக்கான ஹார்ட் கோப்பை.

ஆட்டங்கள் குறைந்ததற்குக் காரணம் பெரும்பாலும் காயங்கள், அதிலும் வலது பாதம். எத்தனை அறுவைச் சிகிச்சை செய்தும் ஸ்கேட் சரியாகப் பொருந்தவில்லை. முட்டிமோதி ஆடும் அவர் பாணியும் உடம்பைத் தேய்த்தது என்பது என் கணிப்பு. இடையில் 2006 டூரினில் இன்னொரு ஒலிம்பிக் தங்கம். 2011-ல் திரும்பி வந்து இரண்டே ஆட்டத்தில் விடைபெற்றார். 2014-ல் ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்துக்கொண்டார்கள்.