போடாத குளிசைக்கும் எதிர்ப்பு எப்படி வந்தது?

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது. சிறுநீர் எரிவு வந்ததும், போன தடவை மிஞ்சிய சிப்ரோஃபுளொக்சசின் குளிசையை மூன்று நாள் போட்டார். குறையவில்லை. சிறுநீரில் எந்தக் கிருமி, அது எந்த மருந்துக்குக் கேட்கும் என்று பார்த்த கல்ச்சர் ரிப்போர்ட்டில் ஈ.கோலி பற்றீரியா, சிப்ரோவுக்கு ‘ஆர்’. வாழ்நாளில் அவர் போடாத இன்னும் இரண்டு மருந்துகளுக்கும் ‘ஆர்’. குளிசையைக் கூட்டிப் போட்டால் சரிவருமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: வேண்டாம். கூட்டிப் போட்டாலும் கேட்காது என்பதுதான் அந்த ‘ஆர்’. அதோடு 60 வயது தாண்டியவர்களுக்குச் சிப்ரோவால் குதிக்கால் தசைநாண் அறுந்துபோகும் ஆபத்துக் கூட.

போடாத மருந்துக்கும் எதிர்ப்பு வர ஒரு முக்கிய காரணம், பற்றீரியாவின் சுவரிலுள்ள பம்பு. அடைமழையில் வீட்டுக்குள் ஏறும் தண்ணீரை மோட்டர் வைத்து இறைப்போமே, அதே வேலைதான். உள்ளே நுழைந்த மருந்தை, அது தாக்கவேண்டிய இடத்தில் போதிய அளவு சேரமுன் வெளியே தள்ளிவிடும். ஈ.கோலியிடம் இது மருந்துக்காக வந்ததல்ல. குடலில் வாழும் அதைப் பித்த உப்புகள் கரைக்கப் பார்க்கும். அவற்றை வெளியேற்றவே இது இருக்கிறது. மூன்று புரதங்கள் சேர்ந்த குழாய் அது: ஏசிஆர்பி உள்ளே பிடிக்கும், டோல்சி வெளிச்சுவர் வழியாகக் கொட்டும், ஏசிஆர்ஏ இரண்டையும் இணைக்கும். ஏசிஆர்பியின் பிடி ஒரே அச்சில் வார்த்ததல்ல. அதனால் சிப்ரோ, டெட்ராசைக்கிளின், குளோராம்பெனிக்கோல் என்று ஒன்றுக்கொன்று உறவில்லாத மருந்துகளும் அதில் அகப்படும்.

சாதாரணமாக இந்தப் பம்புகள் அளவோடுதான் உருவாகும். அந்தக் கட்டுப்பாட்டு மரபணு பழுதான ஒரு சில பற்றீரியாக்களில் மட்டும் அவை பெருகியிருக்கும். அரைகுறையாகப் போட்ட சிப்ரோ மற்றவற்றைக் கொன்று, இவற்றுக்கு இடம் விட்டுக்கொடுக்கிறது. பம்பு தனியே தருவது சிறிய எதிர்ப்புத்தான். ஆனால் அந்த அவகாசத்தில், சிப்ரோ தாக்கும் கைரேஸ் நொதியிலும் மாற்றம் வந்துவிட்டால் மருந்து முற்றாகத் தோற்கும். பிளாஸ்மிட் என்ற, பற்றீரியாக்கள் தமக்குள் கைமாற்றும் சிறு டிஎன்ஏ வளையம் வழியாக வேறு பற்றீரியாவிடமிருந்து வந்த மரபணுக்களும் காரணமாகலாம். இவற்றில் எது காரணம் என்று ரிப்போர்ட்டில் தெரியாது. பம்பை அடைக்கும் பொருட்கள் ஆய்வுகூடத்தில் உண்டு, நோயாளிக்குக் கொடுக்கும் மருந்தாக இன்னும் வரவில்லை.

ஆகவே ரிப்போர்ட்டில் ‘எஸ்’, அதாவது கேட்கும் என்று போட்ட மருந்துகளைப் பார்த்து வைத்தியர் ஒன்றைத் தெரிவு செய்யட்டும். நைட்ரோஃபியூரன்டொயின் என்றால் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்றும் பார்க்கவேண்டும். அதைக் காட்டும் கிரியட்டினின் இரத்தப் பரிசோதனையின் பழைய ரிப்போர்ட் இருந்தால் கொண்டுபோங்கள். மிஞ்சிய குளிசையையும் காட்டிவிடுங்கள், மூன்று நாள் போட்டதை மறைக்கவேண்டாம். குளிர்க்காய்ச்சல், விலாப்பக்க நோவு, வாந்தி, தடுமாற்றம் எதுவும் வந்தால் ஆஸ்பத்திரிக்கு அன்றே கூட்டிப்போங்கள். அடுத்த தடவை எரிவு வந்தால், முதல் குளிசைக்கு முன் சிறுநீரைக் கல்ச்சருக்குக் கொடுங்கள்.