பிறந்தநாளுக்குச் சைரன் ஊதலாமா?

கேள்வி: என் கணவர் கோவையில் மில் சங்கு கேட்டு வளர்ந்தவர். இப்போது அமெரிக்காவின் இல்லினாயில் இருக்கிறோம். டொர்னாடோ (சுழற்காற்று) வருவதை எச்சரிக்கும் பழைய சைரன் ஒன்றை ஏலத்தில் எடுத்து, துரு நீக்கி, பெயின்ட் அடித்துக் கராஜில் வைத்திருக்கிறார். வரும் ஞாயிறு பையனின் பிறந்தநாளுக்கு ஒரு தடவை ஊதப்போகிறாராம். விடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு, ஞாயிற்றுக்கிழமை வேண்டவே வேண்டாம். அவருடைய ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் மில் சங்கு ஷிஃப்டுக்குக் கிளம்பச் சொல்வது. உங்கள் ஊர் சைரன் பேஸ்மென்டுக்கு ஓடச் சொல்வது. பக்கத்துத் தெருவில் தனியாக இருக்கும் பாட்டிக்கு அது பிறந்தநாள் சத்தம் என்று எப்படித் தெரியும்? 2017 ஏப்ரலில் டாலஸ் நகரின் 156 சைரன்களையும் யாரோ விஷமி நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் அலறவிட்டபோது, பதறிப்போன மக்களிடமிருந்து 911 என்ற அவசர உதவி எண்ணுக்கு 4,000க்கு மேல் அழைப்புகள் வந்தன. நிஜமான ஆபத்தில் இருந்தவர்களும் அந்த வரிசையில்தான் காத்திருந்திருப்பார்கள்.

மோட்டார் ஓடுகிறதா என்று பார்க்க முழுச் சத்தம் தேவையில்லை. முதலில் மின் இணைப்பு இல்லாமல் உள்சக்கரத்தைக் கையால் சுற்றச் சொல்லுங்கள். அதற்கும் வெளிக்கூட்டுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு. குளவிக்கூடு, துருத்தூள், வளைந்த தகடு எது இருந்தாலும் உரசும் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். பிறகு சைரனைக் கனமான சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும், கிளம்பும்போது அது உதறும். கிளம்பும் நொடியில் மோட்டார் ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். அதனால் வயரிங், எர்த் எல்லாம் எலெக்ட்ரீஷியன் கையால்தான்.

அப்புறம் ஓரிரு நொடி மட்டும் சுவிட்சைப் போட்டு அணைத்தால் அடித்தொண்டை உறுமலோடு நின்றுவிடும். சைரன் பராமரிப்பவர்களே இப்படித்தான் சோதிக்கிறார்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: வேகம் பிடித்துவிட்டால், அணைத்த பிறகும் சக்கரம் தானாக ஓய்கிறவரை ஊதிக்கொண்டே இருக்கும். பெரிய சைரன்கள் 100 அடி தூரத்திலேயே 100 டெசிபலைத் தாண்டும். 10 அடிக்கு வந்தால் இன்னும் 20 கூடும். உறுமலுக்கும் காதடைப்பான் போட்டுக்கொள்ளுங்கள். பையனை வீட்டுக்குள் நிறுத்துங்கள்.

முழுதாக ஊதித்தான் ஆக வேண்டும் என்றால், ஊர் நிர்வாகத்திடமும் போலீஸின் அவசரமல்லாத எண்ணிலும் முன்கூட்டியே கேளுங்கள். இல்லினாயில் மாதத்தின் முதல் செவ்வாய் காலை 10 மணிக்கு ஊர் சைரன்களைச் சோதிப்பது வழக்கம். அனுமதி கிடைத்தால், அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் சொல்லிவிட்டு, அந்த நிமிடத்தில் கூடவே ஊதலாம். வானம் கறுத்திருந்தால் கூடாது. முதல் செவ்வாய் பள்ளி நாள் என்பதால் பையன் கேட்க முடியாதே என்று கவலைப்பட வேண்டாம், ஜூலையில் விடுமுறைதான். அதற்குள் அனுமதியை வாங்கிவைக்கச் சொல்லுங்கள்.