ஹண்ட்ரட் செய்யும்போது கழுத்துப் பிடிப்பு

மூன்று வாரமாகப் பிலாட்டிஸ் (வயிறு, முதுகுத் தசைகளை வலுவாக்கும் உடற்பயிற்சி முறை) செய்தும், மல்லாந்து படுத்துத் தலையையும் தோளையும் கால்களையும் தூக்கிக் கைகளை மேலும் கீழும் அசைக்கும் ஹண்ட்ரட் பயிற்சியில் வயிற்றில் எதுவும் தெரியவில்லை, கழுத்துதான் பிடித்துக்கொள்கிறது என்கிறீர்கள். புதிதாகத் தொடங்குகிறவர்களில் பலருக்கு நடப்பதுதான். எனக்கும் நடந்தது.

தலையைக் கழுத்தால் தூக்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். முதலில் மோவாயை லேசாக உள்ளே இறக்குங்கள். மோவாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒரு கைமுட்டி அளவு இடைவெளி இருக்கட்டும். அப்புறம் மூச்சை விட்டபடி விலா எலும்புகளை இடுப்பை நோக்கி இறக்கினால் தலையும் தோளும் தானாகவே எழும். பார்வை கூரையில் இல்லாமல் தொடைகளின் மேல் இருக்க வேண்டும்.

கால்களையும் கவனியுங்கள். நீட்டித் தாழ்த்தி வைத்தால் கீழ்முதுகு வளைந்து தரையை விட்டு எழும்பும், வயிறு கைவிட்டுவிடும், சுமை கழுத்துக்குப் போகும். முழங்காலை 90 டிகிரி மடக்கியே வையுங்கள். பார்க்க அழகாக இல்லாவிட்டால் என்ன!

5 எண்ணிக்கை மூச்சை இழுத்து, 5 எண்ணிக்கை விடுவது ஒரு சுற்று. ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் ஒரு கையசைவு. அப்படிப் 10 சுற்று செய்தால் கையசைவு நூறாகும், பெயரே அதனால்தான். இப்போதைக்கு 3 சுற்று போதும். கழுத்து சோர்ந்தால் தலையைக் கீழே வைத்துவிட்டுக் கைகளை மட்டும் அசையுங்கள். அது ஏமாற்று வேலை இல்லை.

தினமும் செய்ய வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். வாரம் மூன்று நாள் போதும்.

ஆனால் கையில் மரத்துப்போதலோ கூச்சமோ இருந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.