கோல் அடிக்காதவருக்கு ஏன் அந்த விருது?

கேள்வி: ஆண்டின் சிறந்த கால்பந்து ஆட்டக்காரருக்கான பாலன் டி ஓர் விருதை 2006இல் இத்தாலியின் ஃபேபியோ கன்னவாரோவுக்குக் கொடுத்தது தவறு என்றே இன்றும் நினைக்கிறேன். பந்தோடு வருபவரின் காலைத் தட்டிவிடுவதைத் தவிர ஒரு பின்கள ஆட்டக்காரர் என்ன சாதித்துவிடுகிறார்? கோல் அடிப்பவருக்கு அல்லவா அது போயிருக்க வேண்டும்?
– மதுரை வாசகர் ஒருவர்

பதில்: உங்கள் குற்றச்சாட்டு யாருக்குப் பொருந்தினாலும் கன்னவாரோவுக்குப் பொருந்தாது. அந்த ஆண்டு உலகக் கோப்பையில் இத்தாலி ஆடிய 7 ஆட்டங்களிலும், கூடுதல் நேரத்தையும் சேர்த்து 690 நிமிடங்கள், இடையில் ஒருமுறைகூட வெளியேறாமல் ஆடிய அவர் ஒரு மஞ்சள் அட்டைகூட வாங்கவில்லை. அத்தனை ஆட்டங்களிலும் இத்தாலியின் வலைக்குள் விழுந்த கோல்கள் இரண்டே இரண்டு. ஒன்று, அமெரிக்காவுக்கு எதிராகச் சக ஆட்டக்காரர் சக்கார்தோ போட்ட சுயகோல். மற்றொன்று, இறுதியாட்டத்தில் பிரான்ஸின் ஜிடேன் அடித்த பெனால்ட்டி.

இதை அணி முழுவதன் சாதனை என்று நீங்கள் சொல்லலாம், அதில் உண்மையும் உண்டு. பின்னால் கோல் காத்தவர் பஃபான் அல்லவா! ஆனால் பின்களத்தின் நடுவில் கன்னவாரோவுக்கு வாய்த்த துணையை நினைத்துப் பாருங்கள். மூன்றாவது ஆட்டத்திலேயே நெஸ்தா காயம்பட்டு வெளியேற, அவர் இடத்துக்கு வந்த மத்தராத்சி அடுத்த ஆட்டத்தில் சிவப்பு அட்டை வாங்க, அதற்குப்பின் பர்சாலி வந்தார். அருகில் நிற்பவர் மாறிக்கொண்டே இருக்கும்போது யார் முன்னேறுவது, யார் பின்தங்கிக் காப்பது என்ற கணக்கு ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்குகிறது. அதைக் குலையாமல் காத்தவர் அணித்தலைவரான அவர்தான்.

அவருடைய உயரம் 1.76 மீட்டர்தான், நடுப் பின்களத்தில் நிற்பவருக்கு இது குறைவு. தம்மைவிட ஒரு தலை உயர்ந்தவர்களோடு போட்டியிட்டு அவர் பந்தை வென்றதற்கு, துள்ளும் வலிமையோடு, பந்து எங்கே விழும் என்பதை முன்னரே கணித்து அங்கே சென்று நிற்கும் அறிவும் காரணம். டார்ட்மண்ட் நகரில் ஜெர்மனியோடு நடந்த அரையிறுதியின் கடைசி நொடிகள் இதற்குச் சான்று. இத்தாலி ஒரு கோல் முன்னிலையில் இருந்தது, ஜெர்மனி முழுப் பலத்தோடு நெருக்கியது. தம் பெனால்ட்டி எல்லைக்கு அருகே வந்த பந்தைத் தலையால் முட்டி விலக்கிய கன்னவாரோ, அத்தோடு நிற்காமல் அதே பந்தைத் தொடர்ந்து ஓடி, எதிராளிக்கு முன்னால் பாய்ந்து மீண்டும் கைப்பற்றினார். அந்தப் பந்துதான் தொத்தி, ஜிலார்தினோ வழியாக தெல் பியரோவை அடைந்து இரண்டாவது கோலானது. கோலைப் பதிவு செய்த பட்டியலில் கன்னவாரோவின் பெயர் இல்லை; அந்தக் கோல் அவரிடம் தொடங்கியது என்பதை ஆட்டத்தைப் பார்த்தவர் எவரும் மறுக்க முடியாது.

நேப்பிள்ஸில் பிறந்து, சொந்த ஊர் அணியான நாப்போலியில் தொடங்கி, பார்மாவில் துராமுடனும் பஃபானுடனும் ஆடி 1999இல் யூஃபா கோப்பையை வென்று, இன்டர், யுவென்டஸ் என்று நகர்ந்து, நாட்டுக்காக 136 ஆட்டங்கள் ஆடியவர் அவர். குறைகளும் உண்டு. ரியல் மாட்ரிட்டில் பழைய கன்னவாரோவை எப்போதும் காண முடியவில்லை. 2010 உலகக் கோப்பையில் அவர் தலைமையில் ஆடிய இத்தாலி முதல் சுற்றிலேயே வெளியேறியது. வயது அவருடைய ஓட்டத்தைக் குறைத்திருந்தது. ஆனால் அந்த விருது ஓர் ஆண்டின் ஆட்டத்துக்கானது.

கோல் அடிப்பவருக்குப் போயிருக்க வேண்டும் என்கிறீர்கள். அந்த ஆண்டு வாக்கெடுப்பில் மூன்றாவதாக வந்த பிரான்ஸின் தியரி ஹென்றி உலகின் தலைசிறந்த முன்கள ஆட்டக்காரர்களுள் ஒருவர். பெர்லின் இறுதியாட்டத்தில் அவர் கன்னவாரோவின் பின்களத்தை நேருக்கு நேர் சந்தித்தார். அவருக்குக் கோல் கிடைக்கவில்லை. இருவரையும் ஒப்பிட இதைவிட நேரான களம் ஏது?

கன்னவாரோவுக்கு முன் பின்கள ஆட்டக்காரர்களில் பெக்கன்பவரும் ஸாமரும் மட்டுமே இந்த விருதைப் பெற்றார்கள். அவருக்குப்பின் இன்றுவரை ஒருவருக்கும் கிடைக்கவில்லை. 2019இல் நெதர்லாந்தின் பின்கள ஆட்டக்காரர் வான் டைக் வெறும் 7 புள்ளிகளில் அதைத் தவறவிட்டார். இந்த விருதின் வரலாற்றில் அநீதியைத் தேடுவதானால், தயவுசெய்து இங்கே தேடுங்கள்.