‘பாரா’ என்று தொடங்கினால் எல்லாம் கிரேக்கமா?

சொற்களின் பிறப்பைப் பற்றி இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே முன்னொட்டைச் சுற்றியே இருந்தன. அவற்றை மட்டும் இங்கே சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

‘பாரா’ என்ற கிரேக்க முன்னொட்டுக்கு ஒரே ஒரு பொருள் சொல்லுங்கள். (மதுரை)

ஒரே ஒரு பொருள் கிடையாது. ‘பக்கத்தில்’ என்பது அடிப்படை. பக்கத்தில் இருப்பது ஒட்டியும் நிற்கும், விலகியும் நிற்கும், எதிர்த்தும் நிற்கும். தைராய்டை ஒட்டியிருப்பது பாராதைராய்டு. ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக ஓடுவது பாராலல். ஊர் நம்புவதற்கு மாறாக நிற்பது பாரடாக்ஸ்.

பத்தியை ‘பாரா’ என்கிறோமே, அதுவும் இதுதானா? (திண்டுக்கல்)

இதேதான். பழைய கிரேக்கச் சுவடிகளில் சொல்லுக்குச் சொல் இடைவெளி விடும் வழக்கம் இல்லை. நம் ஓலைச்சுவடியைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. பேச்சு மாறும் இடத்தைக் காட்ட, வரியின் தொடக்கத்துக்குக் கீழே ஓரமாகச் சின்னதாய் ஒரு கோடு கிழிப்பார்கள். அந்தக் கோட்டின் பெயர் பாராகிராஃபோஸ், அதாவது பக்கத்தில் எழுதியது. கோட்டுக்கு இருந்த பெயர் பிறகு பத்திக்கே ஆகிவிட்டது.

பாராமுகம், பாராட்டு, பாராயணம்? (பெயர், ஊர் இல்லை)

மூன்றுக்கும் இல்லை. பார்க்காத முகம் பாராமுகம். பாராட்டு நம் சொல். பாராயணம் வடசொல். ஓசை ஒத்தால் உறவாகிவிடாது. அகராதியைப் புரட்டிவிட்டு எழுதுங்கள்.

பாரசைட் என்றால் கிரேக்கத்திலும் ஒட்டுண்ணிதானா? (கோயம்புத்தூர்)

இல்லை. ‘சீட்டோஸ்’ என்றால் தானியம், உணவு. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுபவர் ‘பாரசீட்டோஸ்’. ஏதென்ஸில் முதலில் இது மரியாதையான சொல். கோயில் விருந்தில் பந்தியில் அமரும் உரிமை பெற்றவரைக் குறித்தது. பிறகு நகைச்சுவை நாடகங்களில் செல்வந்தர் வீட்டில் முகத்துதி பாடி ஓசிச் சோறு தின்பவன் அந்தப் பெயருக்கு வந்தான். செடியிலும் குடலிலும் ஒட்டி வாழும் உயிர்களுக்கு இது வந்தது 18-ஆம் நூற்றாண்டு வாக்கில்தான்.

என் மகனுக்குப் பள்ளியில் கொடுத்த தாளில் ‘பாரா = பக்கத்தில்; பாராசூட் = பக்கத்தில் விழுவது’ என்று இருக்கிறது. சரியா? (விழுப்புரம்)

தவறு. இதே தவறை எத்தனை தாள்களில் அடித்துத் திருத்தியிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. ஆசிரியர்களுக்கான ஒரு பயிலரங்கில் கையில் கொடுத்த பட்டியலிலேயே இது இருந்தது. எழுந்து சொன்னேன். ‘மனப்பாடம் செய்ய வசதியாக இருக்கிறதே’ என்றார்கள். வசதிக்காகப் பொய்யை மனப்பாடம் செய்ய வைக்கலாமா?

பாராசூட்டின் ‘பாரா’ கிரேக்கம் அல்ல. தடு, காத்துக்கொள் என்ற பொருளில் இத்தாலியிலும் பிரெஞ்சிலும் வழங்கிய, லத்தீன் வழி வந்த வினைச்சொல் அது. ‘சூட்’ பிரெஞ்சில் விழுதல். விழாமல் காப்பது பாராசூட். 1780-களில் பிரான்சின் லெனோர்மான் தன் கருவிக்கு இட்ட பெயர் இது. வெயிலைத் தடுக்கும் குடை பாரசோல். வீடு கட்டியவர்கள் கொத்தனார் வாயால் கேட்டிருப்பீர்கள், ‘பாராபெட்’ என்று. மொட்டைமாடியின் கைப்பிடிச் சுவர். இத்தாலியில் ‘பெட்டோ’ என்றால் மார்பு. மாடி ஓரத்தில் நிற்பவரின் மார்பு வரை வந்து காக்கும் சுவர். இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே பொருள் தெரிந்துவிடும்.

இன்னும் இருக்கிறது. மெழுகாகப் பயன்படும் பாரஃபின் முழுக்க லத்தீன். பிற பொருள்களோடு எளிதில் வினைபுரியாததால் ‘உறவு குறைந்தது’ என்று அதற்குப் பெயர். தமிழ் விவிலியத்தில் வரும் ‘பரதீசு’ கிரேக்கம் வழியாக வந்ததுதான், ஆனால் பிறந்த இடம் பழைய ஈரான். அங்கே சுற்றிலும் மதில் எழுப்பிய இடத்தைக் குறித்த சொல் அது. பாரசீக அரசர்களின் பூங்காக்களைக் கண்ட கிரேக்க எழுத்தாளர் செனஃபோன் அதைக் கிரேக்கத்தில் எழுதினார். ஆகவே மறுபடி சொல்கிறேன்: சொல் எந்த வழியாக வந்தது என்று பார்க்காமல் அதைப் பிரிக்கக் கத்தியை எடுக்காதீர்கள்.

அமெரிக்காவிலிருந்து அண்ணன் கொண்டுவந்த மாத்திரையில் அசிட்டமினோஃபென் என்று இருக்கிறது. பெயரில் பாரா இல்லையே, பாராசிட்டமாலோடு சேர்த்துப் போடலாமா? (நாகர்கோவில்)

போடாதீர்கள். இரண்டும் ஒரே மருந்து. ‘பாரா-அசிட்டைல்-அமினோ-ஃபீனால்’ என்ற நீளப் பெயரை இங்கே ஒருவிதமாகவும் அங்கே ஒருவிதமாகவும் நறுக்கிக்கொண்டார்கள். பென்சீன் வளையத்தில், அதாவது ஆறு கார்பன் அணுக்கள் சேர்ந்த வளையத்தில், இரு அணுத்தொகுதிகள் நேரெதிரே நிற்பதைத்தான் இங்கே ‘பாரா’ குறிக்கிறது. அளவு மீறினால் கல்லீரல் கெடும். மாத்திரைச் சந்தேகத்தை எனக்கு எழுதிவிட்டுக் காத்திருக்காமல் உடனே மருத்துவரைக் கேளுங்கள்.

பாராலிம்பிக்? (சேலம்)

1948-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் மருத்துவர் குட்மான் சக்கர நாற்காலியில் இருந்தவர்களுக்கு வில்வித்தைப் போட்டி வைத்தார். அதிலிருந்து வளர்ந்தது. முதலில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த நிலையைக் குறிக்கும் பாராப்ளீஜியாவின் ‘பாரா’. இப்போது ‘ஒலிம்பிக்கோடு இணையாக நடப்பது’ என்று விளக்குகிறார்கள். எப்படிப் பார்த்தாலும் கிரேக்கம்.

பாராளுமன்றத்தில் உள்ள ‘பாரா’வும் கிரேக்கம் என்று நண்பர் வாதாடுகிறார். அவருக்கு உறைக்கிற மாதிரி பதில் சொல்லுங்கள். (யாழ்ப்பாணம்)

சொல்ல முடியாது. நண்பர் பாதி சரி. தமிழ்ச் சொல்லில் இருப்பது பார், அதாவது உலகம். பார் ஆளும் மன்றம். ஆங்கில ஓசையையும் விடாமல் பொருளும் வரும்படி அமைந்த அழகான சொல். ஆனால் ஆங்கிலத்தின் பார்லிமென்ட் ‘பார்லே’, அதாவது பேசு என்ற பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. அந்த வினைக்கு முன்னால் பிற்கால லத்தீனில் ‘பாரபொலாரே’. அதற்கும் முன்னால் கிரேக்க ‘பாரபொலே’, ஒன்றன் பக்கத்தில் இன்னொன்றை வைத்துக் காட்டும் உவமை. உவமை சொல்வது என்பது தேய்ந்து தேய்ந்து வெறுமனே பேசுவது என்றாகிவிட்டது. கைதி திரும்பி வருவேன் என்று வாக்குக் கொடுத்து வெளியே வரும் ‘பரோல்’ இருக்கிறதே, அதுவும் இதே வீட்டுப் பிள்ளைதான்.